பத்தொன்பதில் மூன்று

மாமாவை ஸ்கேன் மெஷினுக்குள் தள்ளியபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்க மாடிப்படிக்குக் கூட்டிப்போய் "ஏறுங்க" என்றபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

நிஜமாகவே படிக்கட்டுதான். சிமெண்ட் படி, இரும்புக் கைப்பிடி, ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப்போன துடைப்பம். மாமாவின் ஆள்காட்டி விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிவிட்டு, கையில் ஸ்டாப்வாட்சுடன் ஃபிசியோதெரபி பெண் நின்றாள். "நிக்காம ஏறணும், தாது. ஓட வேண்டாம். உங்க வேகத்துல போங்க." தாது என்றால் வங்காளத்தில் தாத்தா. மாமாவுக்கு அறுபத்தேழு வயது. கொல்கத்தாவில் நாற்பது வருஷத்துக்கு மேல் 'தாதா'வாக இருந்தவர், அண்ணா என்ற அர்த்தத்தில். ஒரே நாளில் ஒரு கால் எழுத்து குறைந்து தாத்தாவாகிவிட்டதில் அவருக்கு வந்த ரோஷம் இருக்கிறதே, அதுதான் முதல் மூணு மாடிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

நாலாவது மாடியில் வேகம் குறைந்தது. ஐந்தாவதில் வாய் திறந்துவிட்டது. ஆறாவது மாடி திருப்பத்தில் நின்று, கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, பேச முடியாமல் அந்தப் பெண்ணைப் பார்த்து விரலை ஆட்டினார். "தாது இல்லை, தாதா" என்று சொல்ல நினைத்தாராம். கிளிப்பில் 97 இருந்தது 94 ஆகியிருந்தது. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். மொத்தம் இருபத்திரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறியாயிற்று. பாஸ்.

அன்றைக்கு மாலை டாக்டர் "ஆபரேஷன் பண்ணலாம்" என்றார். நான் கும்பகோணத்துக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழ ஆரம்பித்தாள். தம்பிக்கு ஆபரேஷன் என்றால் அக்கா அழத்தான் செய்வாள். ஆனால் நான் சந்தோஷத்தில் போன் பண்ணியிருந்தேன். அதை அவளுக்குப் புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இந்தப் பதிவே அந்த முக்கால் மணி நேரத்தின் நீட்டல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

மாமா 1979இல் இந்த ஊருக்கு வந்தவர். தேயிலை ஏலம் நடத்தும் தரகுக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. தேநீர் ருசி பார்ப்பவர்கள் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, கரண்டியில் எடுத்து, சர்ர்ரென்று காற்றோடு உறிஞ்சித் துப்பும் அறைக்கு அடுத்த அறையில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து கணக்கு எழுதினார். லேக் மார்க்கெட் பக்கம், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூணாவது மாடி வீடு. சிகரெட் உண்டு. ஒரு நாளைக்குப் பத்து. அத்தை சொல்லிச் சொல்லி ஐம்பது வயதில் விட்டார். "விட்டுட்டேன்ல, அப்புறம் என்ன?" என்பது அவர் கட்சி. விட்ட நாளிலிருந்து ஆபத்து குறைந்துகொண்டேதான் வரும், ஆனால் சிகரெட்டையே தொடாதவன் அளவுக்கு இறங்காது என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

இருமல் வந்தது துர்கா பூஜைக்கு முந்தி. கொல்கத்தாவில் இருமல் ஒரு நோயே இல்லை. பருவநிலை மாதிரி அது. அக்டோபரில் காற்று லேசாகக் குளிர்ந்தாலே தெருவில் பாதிப் பேர் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு இருமத் தொடங்குவார்கள். ஒருநாள் காலை வாஷ்பேசினில் துப்பியதில் நூல் மாதிரி ரத்தம். அத்தைதான் பார்த்தாள்.

பக்கத்து கிளினிக்கில் ஒரு எக்ஸ்ரே. வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைத் திட்டு. "மேலே நிழல், ரத்தம், இருமல், எடை குறைவு. டிபிதான்" என்றார் அங்கிருந்த டாக்டர். சளிப் பரிசோதனை இரண்டு தடவை செய்தோம். இரண்டிலும் கிருமி இல்லை. இருந்தாலும் மாத்திரை ஆரம்பித்துவிட்டார். நாலு மாசம். சிறுநீர் ஆரஞ்சுச் சாறு நிறத்தில் போனது, சாப்பாடு கசந்தது, எடை இன்னும் இறங்கியது. எக்ஸ்ரேயில் அந்தத் திட்டு மட்டும் அசையவில்லை. அசையவில்லை என்பது தவறு, கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

அந்த டாக்டரை நான் திட்டி முடித்துவிட்டேன், இங்கே இனிமேல் திட்டப் போவதில்லை. உலகத்திலேயே அதிகமான காசநோயாளிகள் இருக்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு, நுரையீரலின் மேல் பகுதியில் நிழல் தெரிந்தால் முதலில் டிபி என்று நினைப்பது குற்றமில்லை. காசநோய்க்கு அந்த இடம் பிடிக்கும். புற்றுக்கும் அந்த இடம் பிடிக்கும் என்பதுதான் சிக்கல். குற்றம் எங்கே என்றால், கிருமி இல்லை என்று தெரிந்தபிறகும், மருந்து கேட்கவில்லை என்று தெரிந்தபிறகும், ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லாததில். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் ஒவ்வொருவரும் "எங்களுக்கும் முதல்ல டிபி மாத்திரைதான்" என்று ஆரம்பித்தார்கள். சிலர் எட்டு மாசம் சாப்பிட்டிருந்தார்கள். மாமா விஷயத்தில் கட்டி மெதுவாக வளர்ந்தது, அவ்வளவுதான். அது அதிர்ஷ்டம். அதிலே எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

சி.டி. எடுத்து, ஊசியால் குத்தி சதைத் துணுக்கு எடுத்து, பயாப்சி முடிவு வந்த அன்றைக்கு வீட்டில் யாரும் பேசவில்லை. மறுநாளிலிருந்து எல்லோரும் பேசினார்கள்.

கும்பகோணத்திலிருந்து: "கத்தி மட்டும் வைக்க விடாதே. கத்தி பட்டா பரவிடும். எங்க ஓர்ப்படி அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு. திறந்தாங்க, காத்து பட்டுது, மூணு மாசம்."

இந்தக் 'காத்து பட்டுது' கதையை நான் குறைந்தது ஏழு பேர் வாயால் கேட்டேன். தமிழிலும் கேட்டேன், வங்காளத்திலும் கேட்டேன். நுரையீரலில் காற்று படாத இடம் ஏது என்று யாரும் யோசிக்கவில்லை. ஆனால் கதை சும்மா பிறக்கவில்லை என்பது பிறகு புரிந்தது. சி.டி.யும் பெட் ஸ்கேனும் இல்லாத காலத்தில், உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க மார்பைத் திறப்பதைத் தவிரப் பல நேரம் வழி இருக்கவில்லை. திறப்பார்கள், எங்கும் பரவியிருக்கும், ஒன்றும் செய்யாமல் மூடிவிடுவார்கள். ஆள் கொஞ்ச நாளில் போய்விடுவார். பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்குக் கண்ணில் பட்டது கத்தி மட்டும்தான். பழி அதன்மேல் விழுந்தது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். நுரையீரல் புற்றில் பரவாதவர்களுக்கும், பக்கத்திலேயே கொஞ்சம் எட்டிப் பார்த்து நின்றுவிட்டவர்களுக்கும்தான் கத்தி. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் வந்து சேரும்போதே அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கீமோ, கதிர்வீச்சு, இப்போது மாத்திரைகளும் இருக்கின்றன. ஆபரேஷன் மட்டும் கிடையாது. அம்மாவிடம் நான் முக்கால் மணி நேரம் சொன்னது இதைத்தான்: "அம்மா, இந்த வியாதியில ஆபரேஷன் வேணாம்னு சொன்னாத்தான் அழணும். பண்ணலாம்னு சொன்னா கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வா."

எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கும் மாஷிமாவுக்கு (வங்காளத்தில் சித்தி, பெரியம்மா என்கிற மாதிரி) வேறு கவலை. "இங்கே எதற்கு? வேலோர் போங்க!" அவர் கண்ணில் நாங்கள் பைத்தியக்காரர்கள். வேலூர்க்காரர்கள் நாங்களே கொல்கத்தாவில் வைத்தியம் பார்ப்பதா? கும்பகோணம் வேறு, வேலூர் வேறு என்று மாமா பல வருஷமாகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். வங்காளிகளுக்கு வேலூர் ஒரு ஊரில்லை, நம்பிக்கை. ஹவுராவில் ரயிலேறி காட்பாடியில் இறங்கி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எதிரே உள்ள சந்துகளில் வங்காள எழுத்துப் பலகை பார்த்து லாட்ஜ் பிடித்து, மீன் குழம்பும் சோறும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு மாசக்கணக்கில் தங்குகிறவர்கள் அவர்கள். அதற்கு நியாயமும் உண்டு. ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே படுக்கையோடு ஆரம்பித்த அந்த இடத்துக்கு, 1940களின் கடைசியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் வந்து சேர்ந்தார். நாட்டில் மார்பு அறுவைக்கென்று தனித்துறை, பயிற்சி என்று ஒழுங்காக வேர்விட்டது அவர் கையால்தான். பிறகு இதயத்தைத் திறந்து செய்யும் ஆபரேஷனும் அங்கே வந்தது. ஆக மாஷிமா சொல்வது வரலாற்றுப்படி சரிதான். ஐம்பது வருஷம் தாமதமான சரி, அவ்வளவுதான்.

இந்த ஊரும் சும்மா இருக்கவில்லை. ஹாஸ்ராவில் இருக்கும் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தவர் ஐரீன் ஜோலியோ கியூரி. மேரி கியூரியின் மகள், தானும் நோபல் பரிசு வாங்கியவர், ஆறு வருஷம் கழித்து ரத்தப் புற்றில் இறந்தவர். லேக் மார்க்கெட்டிலிருந்து ஹாஸ்ரா முக்குக்கு நடந்தே போகலாம். அந்தச் சுவரைத் தாண்டி எத்தனையோ தடவை காய்கறிப் பையோடு போயிருக்கிறேன், யார் திறந்துவைத்தது என்று தெரியாமல். இப்போது நியூ டவுனில் அதற்கே இரண்டாவது வளாகம் இருக்கிறது. பக்கத்திலேயே 2011இல் தொடங்கிய டாட்டா மெடிக்கல் சென்டர் இருக்கிறது. பைபாஸ் சாலை நெடுக தனியார் ஆஸ்பத்திரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நாங்கள் எங்கே போனோம் என்பதை எழுதப் போவதில்லை. எழுதினால் இது விளம்பரமாகிவிடும். போதாததற்கு, கீழே வந்து "அங்கே போகாதீர்கள்" என்று நாலு பேர் சண்டையும் போடுவார்கள்.

இனி கணக்கு. எனக்கு இந்த வியாதியில் பிடித்தது (பிடித்தது என்று சொல்லலாமா? சொல்லிவிட்டேன்) இந்தக் கணக்குதான்.

வலது நுரையீரலில் மூன்று மடல்கள். இடதில் இரண்டு, இதயத்துக்கு இடம் விட வேண்டும் அல்லவா. ஒவ்வொரு மடலுக்குள்ளும் ஆரஞ்சுச் சுளை மாதிரிக் கூறுகள். ஒவ்வொரு சுளைக்கும் சொந்தமாக ஒரு மூச்சுக்குழாய், சொந்தமாக ரத்தக்குழாய். வலதில் மேல் மடலில் மூன்று, நடுவில் இரண்டு, கீழே ஐந்து. இடதில் மேலே ஐந்து, கீழே நாலு. மொத்தம் பத்தொன்பது சுளை. மாமாவின் கட்டி வலது மேல் மடலில். அந்த மடலை முழுசாக எடுத்துவிட வேண்டும். பத்தொன்பதில் மூன்று போகும், பதினாறு மிஞ்சும்.

பெரிய குழாயில் வாய் வைத்து முழு பலத்தோடு ஊதச் சொல்லும் சோதனையில், முதல் ஒரு வினாடியில் மாமா தள்ளிய காற்று 1.9 லிட்டர். அதைப் பத்தொன்பதால் வகுத்துப் பதினாறால் பெருக்கினால் 1.6 லிட்டர். அவர் வயசுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் இப்போது 68 சதவீதம் இருக்கிறது, ஆபரேஷனுக்குப் பிறகு 57 இருக்கும். அறுபதுக்கு மேலே என்றால் யோசிக்காமல் தியேட்டருக்குக் கூட்டிப்போவார்கள். முப்பதுக்குக் கீழே என்றால் ரொம்பவே தயங்குவார்கள். நடுவில் நிற்கிறவர்களைத்தான் மாடிப்படி ஏறச் சொல்கிறார்கள். காற்று ரத்தத்துக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் இன்னொரு சோதனையும் உண்டு. அதிலும் மாமா நடுவில்தான் நின்றார்.

டார்ஜிலிங் கமலா ஆரஞ்சு சீசன் முடிகிற நேரம். மாமா குமாஸ்தா அல்லவா, இந்தக் கணக்கு தெரிந்த அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் இரண்டு பழத்தை உரித்து, பத்தொன்பது சுளையை எண்ணி வரிசையாக அடுக்கி அத்தைக்குக் கணக்கு ஒப்புவித்தார். மூன்றை எடுத்துத் தனியாக வைத்தார். "பாரு, மிச்சம் எவ்வளவு இருக்குன்னு." அத்தை அந்த மூன்றையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் அழுதது அங்கேதான், நான் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன்.

எதை வெட்டுகிறார்கள் என்பதில்தான் நாமெல்லாம் கண் வைக்கிறோம். நான் பார்த்த அறுவை டாக்டர் மூன்று சந்திப்பிலும் மிச்சத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார். பெட் ஸ்கேனில் வேறெங்கும் ஒளிரவில்லை. நடு மார்பிலுள்ள நிணநீர் நெறிகளில், மூச்சுக்குழாய் வழியாக ஒரு குழாயை விட்டு ஊசி போட்டுப் பார்த்ததில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும் அவர் "இவர் மிச்சத்தோடு எப்படி வாழ்வார்" என்பதிலேயே நின்றார். ரொம்பச் சின்னக் கட்டி, இரண்டு சென்டிமீட்டருக்குள், ஓரமாக இருந்தால் மடலையே எடுக்காமல் சுளையை மட்டும் எடுத்தால் போதும் என்று ஜப்பான்காரர்கள் 2022இல் பெரிய ஆராய்ச்சி ஒன்றில் காட்டியிருக்கிறார்களாம். மாமாவுடையது அந்த அளவைத் தாண்டிவிட்டது. நாலு மாசத்துக்கு முன்னால்? கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய.

ஆபரேஷன் நாள் காலை ஏழு மணிக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். நுரையீரல் அறுவையில் விசித்திரமான ஒரு சங்கதி: மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உறுப்பில் தையல் போட முடியாது. ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் மயக்க மருந்து டாக்டர் தொண்டை வழியாக இரட்டைக் குழாய் ஒன்றை இறக்கி, இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனிப் பாதை போட்டுவிடுவார். வலது பக்கத்துக் காற்றை நிறுத்தினால் அது காற்றுப் போன பலூனாகச் சுருங்கிக் கிடக்கும். ஆள் முழுவதும் இடது நுரையீரல் ஒன்றில் உயிர் வாழ்வார். விலாவை அகட்டுவது இல்லை. மூன்று துளை, பெரியது நாலு சென்டிமீட்டர், ஒன்றில் கேமரா. உடம்பின் ரத்தம் மொத்தமும் நுரையீரல் வழியாகத்தான் சுற்றி வருகிறது. அதைச் சுமந்துவரும் தமனியின் சுவர் நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். ஏன் சொன்னாரோ. அந்தக் காத்திருப்பில் எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

காத்திருக்கிற நேரத்தில் போனில் படித்துக்கொண்டே இருந்தேன். 1933 ஏப்ரல் 5, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம். எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை நிபுணர், ஜேம்ஸ் கில்மோர் என்ற பிரசவ டாக்டரின் மார்பைத் திறக்கிறார். ஒரு மடலை எடுப்பதாகத் திட்டம். உள்ளே போய்ப் பார்த்தால் போதாது. இடது நுரையீரல் முழுவதையும் ஒரே ஆபரேஷனில் எடுத்துவிடுகிறார். புற்றுக்காக அப்படிச் செய்து ஆள் பிழைத்தது அதுதான் முதல் தடவை. கில்மோர் ஆபரேஷனுக்கு முன்னால் தனக்குக் கல்லறை இடம் வாங்கி வைத்துவிட்டு வந்தாராம். பிறகு முப்பது வருஷம் இருந்தார். கிரஹாம் சிகரெட் பிடிக்கிறவர். சிகரெட்டால்தான் இந்தப் புற்று வருகிறது என்பதை அவர் முதலில் நம்பவில்லை. தன்னிடம் மாணவராக வந்த வின்டருடன் சேர்ந்து அவரே ஆராய்ந்து 1950இல் அதை எழுதினார், சிகரெட்டையும் விட்டார். 1957இல் இரண்டு நுரையீரலிலும் புற்று வந்து இறந்தார். கத்தி வைக்க முடியாத நிலை. அவர் காப்பாற்றிய கில்மோர் அப்போதும் உயிரோடு இருந்தார்.

பதினோரு மணி சுமாருக்கு "பேஷண்ட் பார்ட்டி!" என்று கூப்பிட்டார்கள். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நம் பெயர் அதுதான். தியேட்டர் வாசலில் பச்சை உடையில் ஒரு ஜூனியர் டாக்டர், கையில் ஸ்டீல் கிண்ணம். எடுத்ததைச் சொந்தக்காரருக்குக் காட்டிவிட்டுத்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். எட்டிப் பார்த்தேன்.

நுரையீரல் ரோஸ் நிறம் என்று பள்ளிக்கூடத்துப் படத்தில் பார்த்திருக்கிறேன். இது சாம்பலும் கருஞ்சிவப்பும். உள்ளங்கையளவு இருந்தது, மழையில் நனைந்த பஞ்சு மாதிரி தளதளவென்று. மேல்பரப்பு முழுக்கக் கறுப்புக் கோடுகள். தாறுமாறாக இல்லை, கட்டம் கட்டமாக, பழைய ஊர் வரைபடத்தில் சந்துகள் போட்டிருப்பார்களே அது மாதிரி. ஒரு ஓரத்தில் தோல் உள்பக்கம் சுருங்கி இழுபட்டு ஒரு குழி. "கட்டி அங்கேதான் இருக்கு" என்றார்.

"இந்தக் கறுப்பெல்லாம் கேன்சரா?"

"இல்லை. கோல்காத்தா."

சிரிக்காமல்தான் சொன்னார். சுவாசித்த கரித்தூளை வெளியேற்ற முடியாத உடம்பு, அதை விழுங்கி நிணநீர் ஓடைகளின் கரையில் ஒதுக்கி வைத்துவிடுகிறது. ஆயுள் முழுக்க அங்கேயே கிடக்கும். மாமா வந்த புதிதில் இந்த ஊரில் சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு கரியடுப்பை வாசலில் வைத்து மூட்டுவார்களாம். தெருவே தெரியாதாம், ட்ராம் மணிச் சத்தத்தை வைத்துத்தான் ரோடு எங்கே என்று கண்டுபிடிப்பார்களாம். அந்தப் புகை, பஸ் புகை, பத்து சிகரெட். எல்லாம் அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

பிறகு வார்டு. விலா இடுக்கு வழியாக ஒரு குழாய், தரையில் தண்ணீர் ஊற்றிய பாட்டில். குழாயின் நுனி தண்ணீருக்குள் முங்கியிருக்கும். உள்ளே தங்கிய காற்று குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே நுழையாது. இத்தனை மெஷின்களுக்கு நடுவில், பூனை தட்டிவிட்டால் கவிழ்ந்துபோகும் ஒரு தண்ணீர் பாட்டிலில்தான் ஆளின் உயிர் என்பது எனக்கு ஆறவே இல்லை. மாமா மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். இருமினால் குமிழி. நான் ராத்திரியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். முதல் நாள் குமிழி நிறைய. மூன்றாம் நாள் இருமும்போது மட்டும். ஐந்தாம் நாள் ராத்திரி எவ்வளவு இருமியும் ஒன்றுமில்லை. மறுநாள் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு ஒரே இழுப்பில் குழாயை உருவினார்கள். மாமா அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தமிழில் கெட்ட வார்த்தை சொன்னார். சிஸ்டர் அதை வலி என்று எழுதிக்கொண்டாள்.

இருமச் சொல்வதுதான் பெரிய கொடுமை. மார்பில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமி சளியை வெளியே கொண்டுவராவிட்டால் நிமோனியா வந்துவிடும். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பாவை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். மூன்றாவது பந்து மேலே வருவதற்கு நாலு நாள் ஆனது.

அடுத்த கட்டிலில் முர்ஷிதாபாத் பையன், இருபத்துநாலு வயது. அவனுக்குப் புற்று இல்லை. டிபி வந்து, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி, அது இறுகிப்போய் நுரையீரலை விரியவிடாமல் தோல் மாதிரிக் கவ்விக்கொண்டுவிட்டது. அந்தத் தோலை உரித்து எடுத்திருந்தார்கள், நாலரை மணி நேரம். மாமாவைவிட அவனுக்குத்தான் வலி அதிகம். இந்த நாட்டில் மார்பு அறுவை டாக்டர்களுக்குப் பாதி வேலை டிபி மிச்சம் வைத்துப்போனவற்றைச் சரிசெய்வதுதான். பழைய டிபி குழியில் பூஞ்சை உருண்டையாகக் கட்டிக்கொண்டு ரத்தம் கொட்டும், மூச்சுக்குழாய் விரிந்துபோய்ச் சளித் தொட்டியாகும். மருந்து கேட்காத இடத்தில் கத்தி.

ஒரு காலத்தில் டிபிக்கே கத்திதான். மருந்து இல்லாத நாளில், நோய் வந்த நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க அதை அமுக்கிச் சுருக்கி வைப்பார்கள். அதற்காக விலா எலும்புகளை வரிசையாக எடுத்துவிடுவார்கள், ஒரு பக்கத் தோளே சரிந்துபோகும். ஜாதவ்பூரில் டாக்டர் குமுத் சங்கர் ராய் பெயரில் இருந்த காசநோய் மருத்துவமனையில்தான் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947 மே மாசம் இறந்தார், இருபது வயதில். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்து நாலு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த வளாகத்தில் இப்போது ஒரு மருத்துவக் கல்லூரி. நம் பக்கம் தாம்பரம் சானடோரியம், ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். அதை 1928இல் ஆரம்பித்த டாக்டர் சவுரி முத்து, அதற்கு முன் இங்கிலாந்தில் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜன் நோயாளியாக இருந்திருக்கிறார். இந்தச் சானடோரியம் யுகத்தை முடித்துவைத்ததும் சென்னைதான். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம், வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டவர்களும் ஒரே மாதிரிதான் குணமாகிறார்கள் என்று 1959இல் காட்டியது. முர்ஷிதாபாத் பையனிடம் இதைச் சொன்னேன். "மாத்திரையை ரெண்டு மாசத்துல நிறுத்திட்டேன், தாதா. இருமல் நின்னுபோச்சுல்ல" என்றான்.

பத்து நாளில் பரிசோதனை முடிவு வந்தது. 2.8 சென்டிமீட்டர். எடுத்த பதினோரு நெறியிலும் ஒன்றுமில்லை. ஓரங்கள் சுத்தம். முதல் கட்டம். கீமோ தேவையில்லை, ஆறு மாசத்துக்கு ஒரு சி.டி. டாக்டர் தாளை மடித்து நீட்டினார், நான் மேஜையைத் தொட்டுக் கும்பிட்டேன்.

காலியான இடம் என்ன ஆகும் என்று அத்தை கேட்டாள். இருக்கிற இரண்டு மடலும் மெல்ல விரிந்து மேலே ஏறும், உதரவிதானம் கொஞ்சம் உயரும், அந்தப் பொந்து தன்னால் நிரம்பிவிடும். "கொல்கத்தாவில வாடகைக்கு ஒரு அறை காலியா இருந்தா விடுவாங்களா" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்த அன்று மூன்று மாடி ஏற வேண்டும். நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். முறைத்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிறுத்தம். இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. மாஷிமா, தலையில் குரங்குக் குல்லாய், கையில் பூஜைத் தட்டு. மாமாவின் நெற்றியில் பூவால் தொட்டார். பிறகு அக்கறையாகக் கேட்டார்:

"வேலோரே காபார் கேமோன் ச்சிலோ?"

வேலூரில் சாப்பாடு எப்படி இருந்தது. மாமா வாயைத் திறந்தார். சொல்வதற்கு நிறைய இருந்தது, மூச்சுதான் போதவில்லை. "பாலோ" என்று ஒரே வார்த்தை சொல்லி, மிச்சத்தை அடுத்த பத்துப் படிக்கு வைத்துக்கொண்டார்.